வாரப்பத்திரிகை பஸ் ஏறிய கதை

எங்கள் மாரிக்காம்பா அம்மன் மேல் ஆணை, இது சத்தியமாக நடந்த கதை. ஒரு வரிகூடப் பொய் கிடையாது. சரி, சரி, முறைக்காதீர்கள். கொஞ்சம் இழுத்திருக்கிறேன். பலாக்காய் அப்பளத்தை இழுத்துத் தட்டினால்தானே எண்ணெயில் போட்டதும் முறம் அளவுக்கு விரியும்? அந்த அளவுக்குத்தான்.

கன்னட மலைநாட்டுச் சிர்சியிலிருந்து புறப்படும் பஸ் போதும் போதுமென்று மூச்சுவாங்கி நிற்கிற இடம் ஹுலிமனெ. அதற்கு மேலே அட்டைப்பூச்சிக்குத்தான் பாதை. அந்த ஊர் நாகவேணிக்குக் குரல் என்றால் குரல், மலையைப் பிளக்கிற குரல். இந்தப் பக்கம் நின்று தன் எருமையைக் கூப்பிட்டாள் என்றால், அந்தப் பக்கத்து ஊர் எருமைகளும் சேர்ந்து வந்து நிற்கும். இன்றைக்கு அவள் பால் சங்கத் தலைவி. அன்றைக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். அந்த பஸ் தடத்திலிருந்து சிர்சிக்குக் காலேஜ் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். அவள் போன தைரியத்தில் இன்னும் நாலு பெண்கள் பின்னால் ஏறினார்கள்.

அந்த ஐந்து பேருக்கும் ஒரே ஒரு நோய். வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதை. அண்ணன்மார் பிடுங்கிக்கொண்ட பாக்குத் தோட்டத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறுகிற துங்கா என்ற பெண்ணின் கதை. காலேஜ் நூலகத்துக்கு வருவது ஒரே ஒரு பிரதி. மதியம் அது ஆசிரியர்கள் அறையில் வெற்றிலைச் சாறு வாங்கிக்கொண்டிருக்கும். மூன்றரைக்கு வகுப்பு முடிந்தால்தான் படிக்கும் மேஜைக்குத் திரும்பும். மூன்றே முக்காலுக்கு பஸ். அதை விட்டால் மறுநாள்தான். விடுதிப் பையன்களோ ராத்திரி ஏழு மணி வரை காலை ஆட்டிக்கொண்டு படிப்பார்கள்.

நாகவேணி நூலகர் பரமேஸ்வர பட்டரிடம் போனாள்.

"பட்டரே, ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குக் குடுங்க. காலைல முத பஸ்ல வந்துடும்."

"புஸ்தகம் எத்தன வேணா கொண்டு போ தாயி. பத்திரிகை மேஜைய விட்டு நகரக் கூடாது. புஸ்தகம் தொலஞ்சா வேற வாங்கலாம். போன வாரத்துப் பத்திரிகைய எங்க போய் வாங்கறது? வருஷக் கடைசில அத்தனையும் சேத்துத் தைக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் பொக்க வாய்."

"ராத்திரி பூட்டிப் போட்டா யாரு படிக்கறா? எலியா?"

"எலி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேக்கறதில்ல."

பட்டர் கெட்டவர் அல்ல. தைத்து அட்டை போட்ட தொகுதிகளைப் பெற்ற பிள்ளைகளைப்போலத் தடவிக்கொடுப்பார். மழைக்காலத்தில் தனக்குக் குடை இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒரு குடை பிடிப்பார்.

காகிதம்தானே வெளியே போகக்கூடாது? கதை போகலாமே! வியாழக்கிழமை பத்திரிகை மேஜைக்கு வந்ததும் ஐந்து பெண்களும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். மனப்பாடம் செய்துகொண்டு, வாய் திறந்தால் கொட்டிவிடுமோ என்று உதட்டைக் கடித்தபடி பஸ்ஸுக்கு ஓடினார்கள். பஸ்ஸில் பக்க வரிசைப்படி ஒவ்வொருத்தியாக ஒப்பித்தார்கள்.

முதல் வாரம் கேட்டது பின் சீட்டு. இரண்டாவது வாரம் மொத்த பஸ். கண்டக்டர் உஸ்மான் டிக்கெட் கிழிக்க மறந்தார். மீன்காரி துளசி தன் ஊரில் இறங்காமல் கடைசி வரை வந்து, கதை முடிந்ததும் காலிக் கூடையோடு நடந்து திரும்பினாள். பாக்கு வியாபாரி திம்மப்ப ஹெக்டே புதுக் கார் வாங்கியும் வியாழக்கிழமை மட்டும் பஸ்ஸில் வந்தார். வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

தீர்ப்புக்கு முந்தின வாரம் வந்தது வினை. நாலாம் பக்கத்துக்காரி ஜுரத்தில் படுத்துவிட்டாள்; அவள் பக்கத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்ய மற்றவர்களுக்கு நேரமில்லை. மூன்றாம் பக்கத்தில் துங்கா கிணற்றடியில் நிற்கிறாள். ஐந்தாம் பக்கத்தில் வக்கீல் அழுகிறார். நடுவில் என்ன? பஸ் முழுக்க நாகவேணியின் வாயைப் பார்த்தது. அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "துங்கா குதிச்சுட்டா."

பஸ்ஸில் எழுந்த அழுகையில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். ஹெக்டே வீட்டில் அன்று உலை வைக்கவில்லை.

மறுநாள் ஒரு விடுதிப் பையன் சந்தையில் வாயைவிட்டான்: "எந்தத் துங்கா? கெணத்துல தண்ணி எறைச்சு மூஞ்சி கழுவிட்டுப் போனாளே, அவளா?"

அவ்வளவுதான். பாக்கு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஹெக்டே கிளம்பினார். கூடையோடு துளசி. விசிலோடு உஸ்மான். அவர்கள் பின்னால் பாதிச் சந்தை. காலேஜ் நூலகத்தில் நிற்க இடமில்லை. மேஜை மேல் மீன் கூடை.

"அவ உயிரோட இருக்காளா இல்லியா? பத்திரிகைய எடுய்யா வெளிய!" என்றாள் துளசி.

"ஐயோ, தொடாத! கையில செதிலு!" பட்டர் பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுப் பிரின்ஸிபால் வந்தார். கூட்டம் நடந்ததைக் கொட்டிவிட்டு, பிளந்து நாகவேணியைக் காட்டியது.

"நீயாம்மா கொன்னது?"

"பக்கம் கெடைக்கல சார். கெடைச்சிருந்தா காப்பாத்தியிருப்பேன்." அவள் நிமிர்ந்து நின்றாள். "விடுதிப் பசங்களுக்குச் சாயங்காலம் முழுக்கப் பத்திரிகை. பஸ்ஸுல போறவங்களுக்கு ஓட்டம் மட்டும். எல்லாரும் ஒரே சம்பளந்தானே கட்டறோம்? நூலகம் பூட்டினா அது அங்க தனியாத்தான் தூங்குது. எங்க வீட்டுல தூங்கட்டும். மணி அடிக்கறதுக்குள்ள கொண்டுவந்து எழுப்பி விட்டுடறோம்."

"தொலைச்சுட்டா?" பட்டர் பத்திரிகையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

உஸ்மான் முன்னால் வந்தார். "பட்டரே, எங்க வண்டில கோழிக்குஞ்சு தொலஞ்சதில்ல, மூக்குத்தித் திருகு தொலஞ்சதில்ல. பத்திரிகை ஏறாம காலைல வண்டி நகராது. போதுமா?"

"கிழிஞ்சா ஊருக்கே நான் பொறுப்பு" என்றார் ஹெக்டே.

பிரின்ஸிபால் பட்டரைப் பார்த்தார். பட்டர் அலமாரியில் இருந்த தொகுதிகளைப் பார்த்தார். பிறகு, மகளைக் கட்டிக்கொடுக்கிற அப்பன் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "மழையில நனையக் கூடாது. மடிக்கக் கூடாது. எச்சி தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது."

"அப்ப குடுக்கறீங்களா?"

"இத்தன வருஷத்துல இதைத் தேடி இவ்ளோ ஜனம் வந்ததே இல்ல தாயி. எடுத்துட்டுப் போ."

பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்குப் புது இதழ் ஒரு ராத்திரிக்கு உண்டு என்று அன்றைக்கே கதவில் ஒட்டினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு வந்த இதழைப் பட்டரே எண்ணெய்த் துணியில் சுற்றி, குடை பிடித்து, பஸ் வரைக்கும் கொண்டுவந்து நாகவேணியின் கையில் வைத்தார். சந்தையே கூடி நின்றது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாரிக்காம்பா தேர் கிளம்பினால்கூட அப்படி ஆரவாரம் இருக்காது. நாகவேணி முன் சீட்டில் ஏறி நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் பிடுங்காமல், மணி பார்க்காமல், பக்கத்தைத் திருப்பினாள். அவள் குரல் எழுந்ததும் எஞ்சின்கூட வாயை மூடிக்கொண்டது.

"முதலாம் பக்கம்..."

"நிறுத்து!" துளசி எழுந்தாள். "கடைசிப் பக்கத்த முதல்ல படி. நான் பாதில எறங்கணும். எட்டு வாரமா நடந்து திரும்பிக் காலு தேஞ்சு போச்சு."

"அதெப்படி?" ஹெக்டே துள்ளினார். "தீர்ப்ப மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன மண்ணு இருக்கு? மோர் ஊத்தி முடிச்சப்புறம் யாராவது பருப்புக்குக் கை நீட்டுவாங்களா?"

"நீங்க கடைசி ஸ்டாப்பு, பேசுவீங்க!"

"சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாப்பம்!" என்றது முன் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"யாருடா அது சீட்டுப் போடறது? முன் சீட்டுக்காரன் வாய மூடு!" என்றது பின் சீட்டு.

"உஸ்மான், விசில ஊது!" என்றார் ஹெக்டே.

"ஊத மாட்டேன். நானும் இன்னிக்குப் பாதில ட்யூட்டி மாறணும். கடைசிப் பக்கந்தான் முதல்ல!"

"அடப்பாவி, நீயுமா?" என்று ஹெக்டே குடையை ஓங்க, துளசி கூடையைத் தூக்க...