கோபுரத்து வல்லூறு

மனைவியோடு சிதம்பரம் கீழவீதியில் நடந்தபோது என் தோளில் ஒரு புறா இறகு விழுந்தது. அண்ணாந்து பார்க்கும் முன்பே எனக்கு வியர்த்துவிட்டது.

எட்டு வயதில், இதே தெருவின் மொட்டைமாடியில், என் புறா வெள்ளச்சியை இரு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். கோபுரத்திலிருந்து ஒரு பறவை கிளம்பியது.

"கருடன்டா! கன்னத்துல போட்டுக்க" என்றாள் அம்மா.

நான் மகா பக்திமான். இரண்டு கையாலும் போட்டுக்கொண்டேன். வெள்ளச்சி பறந்துவிட்டாள்.

மலைப்பக்கம் வேலை பார்த்த மாமா சிரித்தார். "அக்கா, கருடனுக்குத் தல வெள்ளையால்ல இருக்கும்? இது வல்லூறு. மலப்பாறையில இருக்கறது, கோபுரத்தையும் பாறைன்னு வந்து குந்திக்கிச்சு. புறாவ ஆகாசத்துலயே அடிச்சிடும்."

சொல்லி முடிப்பதற்குள் அது கல் மாதிரி கீழே பாய்ந்தது. வெள்ளை இறகுகள் மிதந்து வந்தன. நான் அலறிக்கொண்டு மாடியறைக் கட்டிலுக்கடியில் புகுந்தேன். அங்கே, பாதி வாலோடு, வெள்ளச்சி எனக்கு முன்பே பதுங்கியிருந்தாள்.

"கருடங்க! கன்னத்துல போட்டுக்குங்க" என்றாள் மனைவி.

மேலே பார்த்தேன். தலை கறுப்பு. ஆனாலும் ஒரு கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன். இன்னொரு கை அவள் கையைப் பிடித்திருந்தது.