தூளி ஏறாத உத்திரம்

மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரம் இருந்த மரக்கடையில் பொன்னுரங்கம் மேஸ்திரி. வீடு கட்டுகிறவர்கள் முதலாளியைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள். உள்ளங்கையால் மரத்தை ஒரு தட்டுத் தட்டி, இதை உத்திரத்துக்குப் போடு, அதை ஜன்னலுக்கு அறு என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. மனுஷனுடைய கோளாறெல்லாம் வாயில்தான் இருந்தது.

பர்மாத் தேக்கு என்றால் அவருக்கு உயிர். நிலம்பூரிலிருந்து ரயிலில் வரும் தோட்டத்துத் தேக்கைக் கண்டால் அத்தனை இளக்காரம். சர்க்கார் ஆள் வைத்து, கத்தரிச் செடி மாதிரி வரிசையாக நட்டு வளர்த்ததெல்லாம் ஒரு மரமா என்பார். அதில் கோழிக்கூண்டு செய்யலாம், உத்திரம் போட்டால் தலையில்தான் விழும் என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கூடுதல் விலை கொடுத்துப் பர்மா மரத்தை வண்டியில் ஏற்றிப் போவார்கள். இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று நிலம்பூர் மரத்தின் மேல் செங்காவியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைப்பார்.

ஏரியைத் தூர்த்து மனை போட்டார்களே, அந்த மாம்பலத்தில் அவரும் ஒரு மனை வாங்கினார். அதுவரை திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். மனைவி தேவானை அவருடைய அக்காள் மகள். கல்யாணத்துக்குப் பிறகும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே மகள் சுலோச்சனாவை அடையாறில் கொடுத்திருந்தார்கள். 1930இல் அவள் முழுகாமல் இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. திருவல்லிக்கேணி வீட்டுக்காரரோ, ஐந்து குடித்தனம் ஒரே கிணற்றில் புழங்கும் இடத்தில் பிள்ளைப்பேறு கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் வளைகாப்புக்குள் மாம்பலம் வீட்டுக்கு உத்திரம் ஏற்றி, செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு மேல்தளத்தை மூடியாக வேண்டும். கூடத்து உத்திரத்தில் தூளி கட்ட ஒரு கொக்கி வேண்டுமென்று தேவானை கேட்டாள். மேல்தளம் வருவதற்கு முன்பே கொக்கி வந்துவிட்டது. கொல்லனிடம் தானே நின்று அடித்து வாங்கினார் பொன்னுரங்கம்.

சுவர் எழும்பியது. மரம்தான் வரவில்லை. ரங்கூனில் கலகம், கப்பல் எப்போது வருமோ தெரியாது என்றார்கள். கடையில் கிடந்த பர்மா மரமெல்லாம் ஏற்கெனவே விலைபேசி முடிந்தவை. நிலம்பூர் உத்திரங்கள் மட்டும் நன்றாகக் காய்ந்து, வேண்டிய நீளத்தில் அடுக்கிக் கிடந்தன.

சோறு கொண்டுவந்த தேவானை ஒருநாள் அந்த அடுக்கின் பக்கத்தில் நின்றாள். "இதுக்கு இன்னா கொறச்சல் மாமா? நேராத்தான் கீது, காஞ்சுந்தான் கீது. இத்த ஏத்திட்டா பொண்ணு நம்மூட்டுக்கு வந்துடும்" என்றாள்.

அவர் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. மூன்று தலைமுறைக்குத் தாங்கும் மரம் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் வாணாம்னு சொன்னத என் தலைக்கு மேல வெச்சிக்கினு எப்டி படுப்பேன்? கப்பல் வந்துடும்" என்றார்.

கப்பல் வரவில்லை. தினமும் துறைமுகத்துக்குப் போய் விசாரிப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. அப்படிப் போன ஒரு நாளில் நிலம்பூர் மரங்கள் விற்றுப்போயின. தொலைந்தது சனியன் என்று நினைத்தாரே தவிர, யார் வாங்கினார்கள் என்று கேட்கவில்லை.

அடையாறு வீட்டில் வளைகாப்பு நடந்தது. சம்பந்தி வடிவேலு நல்ல மனிதர். பெண் இங்கேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதமாகச் சொன்னார். மகளை அழைத்துப் போகலாமென்று வந்த தேவானை, கை நிறைய வளையல்களோடு வாசலில் நின்ற பெண்ணை விட்டுவிட்டு ஜட்கா வண்டியில் வெறுமனே திரும்பினாள். சம்பந்தி வீட்டில் போய்ப் படுத்துக் கிடக்க முடியுமா? பிள்ளை பிறந்த சேதிதான் அவளுக்கு வந்தது.

பார்க்கப் போனார்கள். பிரசவத்துக்கென்றே வடிவேலு புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். நடுவில் தூளி. பொன்னுரங்கம் தூளிக்கயிற்றின் வழியே மேலே பார்த்தார். உத்திரத்தில் செங்காவிப் பெருக்கல் குறி. அவர் கையால் போட்டது.

"உங்க கடை மரந்தான் சம்பந்தி. அவசரத்துக்கு வாங்கினு வந்தேன், நீங்க அன்னிக்கு கடைல இல்ல. மரம் எப்டி?" என்று கேட்டார் வடிவேலு.

"ரொம்ப நல்ல மரம்" என்றார் பொன்னுரங்கம்.

தூளிக்குள் குனிந்திருந்த தேவானை நிமிரவில்லை. திரும்பும் வழியில், வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அத்த அன்னிக்கே சொல்லி இருக்கலாமே மாமா."

வாய்ச் சவடாலைக் காப்பாற்றப் போய்ப் பெற்றவளின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவரைக் கடைசிவரை விடவில்லை. கடையில் காவிக்குறி போடுவதை அதோடு நிறுத்தினார்.

ஐப்பசியில் கப்பல் வந்தது. மாம்பலம் வீட்டில் பர்மாத் தேக்கு ஏறியது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். கொக்கியையும் மாட்டினார். சுலோச்சனாவுக்கு அடுத்த பிள்ளைகளும் அந்த அடையாறு அறையில்தான் பிறந்தன. அம்மா வீட்டுக்குக் காலையில் வருவாள், விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவாள். பிள்ளைக்கு அங்கேதான் தூக்கம் வரும் என்பாள்.

கொக்கியைச் சும்மா விட மனமில்லாமல் தேவானை அதில் வெங்காயக் கூடையை மாட்டினாள். மத்தியானம் கூடத்தில் படுக்கும்போது பொன்னுரங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.