அதிகப் பிழை ஜலஜா

ஜலஜாவுக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், குரல் நடுங்காது. எண்பத்தேழில் டெல்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அங்கே புதிதாக யூனிக்ஸ் மிஷின் வந்திருந்தது. கறுப்புத் திரையில் ஷெல் என்னும் புரோகிராம் கட்டளைக்காகக் காத்திருக்கும். கட்டளையைத் தட்டினால் செய்யும். முடியாவிட்டால் என்ன பிழை என்று ஒரு வரியில் சொல்லும். அடுத்தடுத்து வரிகள் வரவர அந்தப் பிழை மேலே ஏறிக் காணாமல் போய்விடும். ஜலஜா அதற்கு ஒரு வழி செய்தாள். தன் வேலையில் வரும் பிழைகளெல்லாம் தேதியோடு ஒரு ஃபைலில் போய்ச் சேரும்படி எழுதிவைத்தாள். சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அதைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வாள்.

பிரிவின் தலைவர் கஸ்தூரிரங்கன் அதைக் கவனித்தார்.

"பிரமாதம்மா! இனிமே எல்லாரும் இப்படித்தான் வெச்சுக்கணும்."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் எல்லோரையும் கூட்டி, யார் ஃபைலில் எத்தனை பிழை என்று அவர் உரக்கப் படிக்கும்வரை. அவள் பெயர்தான் முதலில் வந்தது.

"என்ன ஜலஜா, டைப் பண்ணவே வரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து டெர்மினல் ராமமூர்த்தியின் ஃபைல் காலியாக இருந்தது. அவனுக்குக் கைதட்டல்.

டீ குடிக்கும்போது அவன் காதோடு சொன்னான்: "மேடம், எரரை எல்லாம் டெவ்-நல்லுக்குத் தள்ளி விட்டுடுங்க. போன இடம் தெரியாது."

டெவ்-நல் என்பது எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் இடம்.

"அப்புறம் எப்படிச் சரி பண்றது?"

"யார் கேக்கப் போறா, மேடம்?"

சீக்கிரமே பிரிவு முழுவதும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. அவள் மட்டும் மறுத்தாள். மாதாமாதம் அவள் பெயரே படிக்கப்பட்டது. 'அதிகப் பிழை ஜலஜா' என்று பெயரும் விழுந்தது.

"நீயும் தள்ளி விட்டுட்டு நிம்மதியா இரேன்" என்றான் கணவன் வைத்தி.

அவள் குக்கர் மூடியை மேடைமேல் ஓங்கி வைத்தாள். "என் கண்ணை நானே பொத்திண்டு வேலை பார்க்கணுமா?"

அடுத்த கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் டிஸ்க் கெட்டுப்போனது. ஊழியர்களின் பணி விவரம் முழுவதும் அதில்தான் இருந்தது. வாரந்தோறும் அதை டேப்பில் நகலெடுப்பது ராமமூர்த்தியின் வேலை. டேப்பை மாட்டிப் பார்த்தார்கள். வெறும் டேப். எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை என்று மிஷின் பல வாரங்களாகச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனையையும் டெவ்-நல் விழுங்கியிருந்தது.

கஸ்தூரிரங்கன் ஜலஜாவைக் கூப்பிட்டார்.

"பேப்பரைப் பார்த்து எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும். நீதான் பொறுமையா பண்ணுவே. ஞாயித்துக்கிழமையும் வந்துடு."

நடுங்கும் கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வர மாட்டேன், சார்."

"என்னது?"

"தப்பைக் காட்டினவளை நிக்க வெச்சு அதை எண்ணினேள். மறைச்சவனுக்குக் கை தட்டினேள். அப்புறம் யார் சார் காட்டுவா? இப்போ அள்ளிக் கொட்ட மட்டும் நான் வேணுமா?"

"மெல்லப் பேசு. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும். என் பேரைப் படிச்சப்போ மெல்லவா படிச்சேள்?"

ராமமூர்த்தி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாளே மெமோ வந்தது. மாதம் முடிவதற்குள் தபால் பிரிவுக்கு மாற்றலும் வந்தது. ராமமூர்த்தி தன் நாற்காலியிலேயே இருந்தான். தினக்கூலிக்கு வந்தவர்கள் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து விவரங்களைப் புதிய தவறுகளோடு ஏற்றினார்கள். பிழை எண்ணும் கூட்டம் மட்டும் அதன்பிறகு நடக்கவில்லை.

கஸ்தூரிரங்கன் ஓய்வுபெற்றபோது விருந்துக்கு அவளையும் அழைத்தார்கள். போகவில்லை.

"இன்னுமா கோபம்?" என்று கேட்டான் வைத்தி.

"போனா அன்னிக்கு மாதிரி எல்லார் முன்னாடியும் பேசிடுவேன்" என்றாள் ஜலஜா.