சரெப்தாவில் கவிழ்த்து வைத்த பானை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே தர்மபுரியில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். பஸ் புறப்பட்டபோது எட்டரை. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதில் மரக்கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போன பிறகே எஞ்சின் உறுமியது. இப்போது அந்தக் கரி பஸ்கள் போய்விட்டன. ஆனாலும் எங்காவது கரி புகையும் வாசனை வந்தால் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

பென்னாகரத்துக்கு இரண்டு மைல் இப்பால் இறங்கி, வலப்பக்க வண்டிப்பாதையில் போனால் சரெப்தா என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கண்டக்டரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி ஒரு ஊரு இந்த லைன்லயே இல்லீங்களே அக்கா."

முன் பலகையில் இருந்த ஒரு குடியானவர் திரும்பினார். "அட, பானைக் கொட்டாய்ப்பா! வேதக்காரங்க இருக்கறாங்களே. அங்க ஒரு மாவுப்பானை இருக்குது, தீரவே தீராதாம். ஏனுங்கம்மா, அதுல ஒண்ணு எங்க வூட்டுக்கும் கெடைக்குங்களா? எங்கவ பானை வாரத்துக்கு ரெண்டு தடவ தீருது."

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஏழணா வாங்கிக்கொண்டு கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். வழியில் ஒரு மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லைகள் விதைக்காமலே கிடந்தன. இரண்டு வருஷமாக மழை இல்லை.

கிறிஸ்தவ வேதத்தில் வரும் சரெப்தா, சீதோன் பக்கத்துச் சிற்றூர். எருசலேமைப் போல அதை யாரும் பாட்டில் பாடுவதில்லை. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி அங்கே ஓர் ஏழை விதவையிடம் அப்பம் கேட்டார். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே அவளிடம் இருந்தன. அதைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாக இருந்தவள், முதல் அடையை அவருக்குக் கொடுத்தாள். பஞ்சம் முடியும்வரை அவள் பானையில் மாவு குறையவில்லை. பென்னாகரம் ரோட்டில் சில குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்தபோது, அவர்களுடைய முதல் உபதேசியார் அந்தக் கொட்டாய்க்கு, அதாவது சின்னக் குடியிருப்புக்கு, இந்தப் பெயரை வைத்தாராம்.

வருஷத்துக்கு ஒரு முறை அங்கே பெண்கள் கூட்டம் நடக்கும். வழக்கமாகப் பேசப் போகிற அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டதால், சேலத்தில் எங்கள் சபையார் என்னை அனுப்பினார்கள். நான் எட்டாவது படித்தவள். ஆஸ்பத்திரிக்குத் துணி தைக்கிறவள். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணவே எனக்குக் குரல் நடுங்கும்.

பகல் பதினோரு மணிக்குச் சரெப்தா போய்ச் சேர்ந்தேன். மண் சுவரும் கரும்புத் தோகைக் கூரையுமாக ஒரு சின்னக் கோவில். அதைச் சுற்றிக் குடிசைகள். ரூத்தம்மா வீட்டில் எனக்கு இடம். என் வயதுதான் இருக்கும், கணவனை இழந்தவள், கோவில் பானைக்கு அவளே பொறுப்பு.

"வாங்கம்மா, வூடு சின்னது. தலைய குனிஞ்சு வாங்க. போன வருஷம் வந்த அம்மா நெத்தியில இடிச்சுக்கிட்டுத்தான் பிரசங்கமே பண்ணுனாங்க."

சாயங்காலம் கோவிலுக்குள் இருந்த பானையைக் காட்டினாள். இடுப்பளவு உயரம். ஊர்ப் பெண்கள் களி கிண்டும்போதெல்லாம் ஒரு பிடி கேழ்வரகு மாவைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பானையில் கொட்டுவார்கள். அடுப்பு எரியாத வீட்டுக்கு அதிலிருந்து போகும். பானையின் உட்புறம் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காவிக் கோடு ஒன்று இருந்தது. கோட்டுக்குக் கீழே யாரும் கை வைக்கக் கூடாது. பானை ஒரு நாளும் காலியாகக் கூடாது என்று முதல் உபதேசியார் போட்ட கோடு அது. அன்று மாவு சரியாகக் கோட்டில் நின்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோவில் வாசலில் பெண்கள் கூடியிருந்தபோது, வத்தல்மலையைச் சேர்ந்த ஒருத்தி வந்து நின்றாள். பஸ்ஸுக்குக் கரி சுடும் வேலை கிடைக்கும் என்று புருஷனோடு மலையிலிருந்து இறங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். வேலை இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டான். புருஷன் புளியமரத்தடியில் படுத்துவிட்டான்.

"மூணு நாளா தண்ணிதானுங்கக்கா. ஒரு பிடி மாவு குடுங்க, கரைச்சு அவரு வாயில ஊத்தறேன்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வாரம் பல வீடுகளில் பானைக்கு எடுத்து வைக்கவே மாவு இல்லை. ரூத்தம்மா பானைப் பக்கம் நகர்ந்தாள்.

அப்போதைய உபதேசியார் தாவீது குறுக்கே வந்தார். நல்ல மனிதர். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "கோட்டுக்குக் கீழ கை வெக்காதம்மா. பானை தீந்துதுன்னா ஊரு பேரே போயிடும். அப்புறம் நம்மள ஆரு சரெப்தாம்பாங்க?"

"இப்ப மட்டும் ஆரு சொல்றாங்க? பானைக் கொட்டாய்ங்கறாங்க," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"நீ சும்மா இரு. சேலத்துல இருந்து வந்த அம்மா இருக்கறாங்க, அவங்களையே கேப்போம். நீங்க சொல்லுங்கம்மா."

எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின. எழுதி வைத்திருந்த பிரசங்கத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கடைசியில், "ஐயா, அந்த விதவை பானையில கோடு இருந்துதுங்களா?" என்று கேட்டேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

உபதேசியார் வழி விட்டு ஒதுங்கினார். ரூத்தம்மா உள்ளே போய்ப் பானையைச் சாய்த்துச் சிரட்டையால் அடியைச் சுரண்டினாள். மாவு உதிரவில்லை. கட்டி கட்டியாக, கறுத்து, வண்டு விழுந்து வந்தது. இத்தனை வருஷமும் மேலே போட்டு மேலேயே எடுத்திருக்கிறார்கள். கட்டியை முகர்ந்து பார்த்த உபதேசியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரூத்தம்மா சிரட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். விருந்தாளிக்குச் சோறு போட வேண்டும் என்று எங்கேயோ அலைந்து வாங்கி வைத்திருந்த அரைப்படி அரிசியை அவள் உலையில் போட்டாள்.

"உங்களுக்கு வெச்சதுங்கம்மா. கேக்காம எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"எனக்கும் களிதான் பிடிக்கும்," என்றேன். அது நிஜமில்லை. ஆனால் அன்று ஊர்ப் பெண்களோடு தின்ற களியின் ருசி பிறகு எந்தக் களியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் நான் பேசியது கொஞ்சம்தான். அந்த விதவை இஸ்ரவேல் ஜனத்தைச் சேர்ந்தவள் அல்ல. கேட்டு வந்தவரோ அவளுக்கு அந்நியர். இருந்தும் தன் கடைசி மாவை அவள் எடுத்தாள். ரேஷன் கடையில் நின்று வாங்கியதைப் பூட்டி வைக்கிற இந்தக் காலத்தில் நமக்கு அந்தச் சின்ன ஊர் வேண்டியிருக்கிறது என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு நான் கிளம்பினேன். பானையைக் கழுவி, வேலியோரம் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காவிக் கோடு தேய்த்த தேய்ப்பில் போய்விட்டது. உபதேசியார் ரோடு வரை வழியனுப்ப வந்தார். புளியமரத்தடியில் அந்த மலைக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் கஞ்சிக் கலயம். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இது எந்த ஊருங்க சாமி?"

உபதேசியார் வேலிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரெப்தாங்க," என்றார்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். "பானைக் கொட்டாய்க்குப் போயிட்டு வந்துட்டீங்களா அக்கா? பானை தீந்துடுச்சாமே, நெசங்களா?" செய்தி எனக்கு முன்னால் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"ஆமாங்க. கழுவிக் காய வெச்சிருக்காங்க," என்றேன், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி.