மைனி தலைக்குப் பூ

தாராவியில் நான் வேலை செய்யும் தையல் பட்டறையில், கார்கானா என்பார்கள், ஆரி ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கொக்கி வைத்த அந்த ஊசியால் சங்கிலித் தையலைத் தடதடவென்று ஓட்டிக்கொண்டு போவோம். ஒரு ஜாக்கெட் கை முழுக்கப் பூ நிரப்ப ஒரு பகல் போதும். அப்படி நிரப்பி அனுப்பிய சாம்பிள் ஒன்று ஒருநாள் திரும்பி வந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்டது சில்க் ஷேடிங்காம். சாதாரண ஊசியில் ஒற்றை இழைப் பட்டு நூல் கோத்து, ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறத்தை நுழைத்து, பூவைத் தூரிகையால் தீட்டினதுபோலத் தைக்க வேண்டும். முதலாளி சேட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "தும் ஜாக்கே சீக்கோ" என்று என்னைக் கற்றுக்கொண்டு வர அனுப்பினார். வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவள் என்று நினைத்திருப்பார். என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மாட்டுங்காவில் ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. டீச்சர் என்னைவிட எவ்வளவோ சின்னவர். அங்கேயே பிறந்து வளர்ந்த மாட்டுங்காத் தமிழ். நான் தைத்த முதல் இதழைக் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க ஆரிக்காராளா? அதான் வரிசை கட்டிண்டு போறேள். இதுல வரிசை கட்டினா பூ வராது, தேசியக் கொடிதான் வரும்."

பார்த்தேன். சிவப்பு ஒரு பட்டை, ரோஸ் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை. கொடியேதான்.

இந்த வேலையில் ஒரு தையல் நீளம் என்றால் அடுத்தது குட்டை. அதற்கடுத்தது அரை நீளம். ஓரம் ஒழுங்காக முடியவே கூடாது. அடுத்த நிறத்தை எடுத்து, முதல் நிறத்தின் நூலையே ஊசியால் பிளந்துகொண்டு மேலே வர வேண்டும். அப்போதுதான் ஒரு நிறம் எங்கே முடிந்தது, இன்னொன்று எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. கேட்பதற்குச் சுலபம். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் பிரித்துத் தைத்துப் பழகிய கை கேட்கவில்லை. நான் கோணலாகத் தைக்க நினைப்பேன், அது நேராகப் போய் நிற்கும். போதாததற்கு விரல் நுனியெல்லாம் முரடு. முறுக்காத பட்டு இழை சொரசொரப்பில் மாட்டிப் பஞ்சுபோலப் பிரிந்தது. டீச்சர் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கையைத் தேய்க்கச் சொன்னார். தினமும் தேய்த்தேன்.

மைனியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "ஏட்டி, கோணலாத் தைக்கதுக்கு ஒரு க்ளாஸா? முன்னமே சொல்லியிருந்தா நான் ஓசியிலே சொல்லித் தந்திருப்பேனே."

மைனி என் அண்ணன் மனைவி. எங்கள் சந்தில் அவள் வீடும் என் வீடும் எதிரெதிர். அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று என் வாசலில் நின்றால் தெரியும். அந்த வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றினார்கள். மருந்து கேட்டது. முடி போய்விட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. நான் அழுதேன். அவள், "விடுட்டி, ஷாம்பு மிச்சம்" என்றாள்.

அப்படிப்பட்ட வாய்க்காரி ஒரே ஒரு விஷயத்தில் இடிந்துபோனாள். அவள் மகளுக்குச் செம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஜனம்தான், மைனியின் உடம்பு விஷயமும் அவர்களுக்குத் தெரியும். பூ வைக்க நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில், மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைப்பதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவளுக்கு வைக்க வேண்டும். சந்தனம், குங்குமம், பிறகு தலையில் பூ. சபை நடுவில், எல்லாரும் பார்க்க.

"நான் வரலட்டி. என் இடத்துல நீ நின்னுக்கோ" என்றாள் மைனி.

"நான் எதுக்கு நிக்கணும்? பெத்தவ நீயா நானா?"

"அந்தம்மா கையில பூவோட நிப்பா. வைக்கதுக்கு இடம் தேடுவா. அத்தன பேரும் என் மண்டையவே பாப்பாவ. என்னால முடியாது."

அண்ணன் மெதுவாக விக் வாங்கலாம் என்றான்.

"டோப்பாவா? பூவ வச்சு அந்தம்மா லேசா இழுத்தான்னு வையி, மொத்தமும் கையோட போயிரும். பூ வச்ச வீடுன்னு சொல்லமாட்டாவ, மொட்டை போட்ட வீடுன்னு சொல்லுவாவ."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. மகள் வெளியே நின்று, "அம்மா இல்லன்னா எனக்கு ஃபங்ஷனே வேண்டாம்" என்று கத்தினாள்.

எனக்குப் பேசிச் சமாதானப்படுத்தத் தெரியாது. தைக்கத் தெரியும். தலையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டுத் துணி, அதன் பின்பக்கத்தில் மல்லியும் கனகாம்பரமும் கலந்து ஒரு சரம், சில்க் ஷேடிங்கில். தலையில் பூ ஏற்கனவே இருந்தால் சம்பந்தியம்மாள் வைப்பதற்கு இடம் தேட வேண்டியதில்லை. குங்குமத்தோடு முடிந்துவிடும். இதுதான் என் கணக்கு.

டீச்சரிடம் சொன்னேன். "பேஷாப் பண்ணலாம். மொதல்ல மல்லிய வாங்கிண்டு வந்து நன்னாப் பாருங்கோ" என்றார்.

மல்லியைப் போய்ப் பார்ப்பதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடை கட்டிய நாளிலிருந்து வைக்கிற பூ. ஆனால் பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. முழம் போட்டு வாங்குகிறோம், வாழையிலையைப் பிரிக்கிறோம், பின்னால் வைத்துக்கொள்கிறோம். வைத்த பூவை வைத்தவள் பார்ப்பதேயில்லை. நான் நன்றாகப் பார்த்திருந்தது மைனி தலையில் இருந்த பூவைத்தான். மார்க்கெட்டுக்குப் போனாலும் ரயில் ஏறப் போனாலும் அவள் முன்னால் போவாள், நான் பின்னால். சரத்தை நடுவில் வைக்கமாட்டாள். இடது பக்கம் ஏற்றி, வலது காதுக்குக் கீழே சாய்ந்து விழும்படி வைப்பாள். அந்தச் சாய்வை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடிந்தது.

மாட்டுங்காவில் பூ வாங்கி வந்து ஒரு தட்டில் வைத்து, மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியின் மேல்படியில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வெயில் வருகிற இடம் அது ஒன்றுதான். டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும். மல்லி வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். காம்புப் பக்கம் வெளிறிய பச்சை. இரண்டு மொட்டுகள் நெருங்குகிற இடத்தில் சாம்பல். நல்ல வெள்ளை என்பது மொட்டின் முதுகில் ஒரு கீற்று, அவ்வளவுதான். கனகாம்பரத்திலும் இதழ் பிரிகிற இடத்தில் மஞ்சள் ஓடுகிறது.

துணி எடுப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். முடி கறுப்பு, அதனால் துணியும் கறுப்பு. கறுப்புப் பட்டில் மல்லி எழுந்து நின்றது. கையும் ஒருவழியாக வழிக்கு வந்திருந்தது. நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் மறைந்தன. முக்கால்வாசி முடிந்ததும் பொறுக்கமுடியாமல் மைனியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். "பூ நல்லாருக்குட்டி" என்றாள். பிறகு, "துணி கறுப்புல்லா?"

"ஆமா."

"நல்ல காரியத்துக்குக் கறுப்பக் கட்டிட்டு வந்து நிக்கச் சொல்லுத?"

"உன் முடி கறுப்பாத்தான இருந்துச்சு? அதோடதான எல்லா நல்ல காரியத்துக்கும் போன?"

"அது சாமி குடுத்தது. இது நீ கடையில வாங்குனது."

பூ வைக்கிற வீட்டுக்குக் கறுப்புப் புடவையில் ஒருத்தி வந்தால் நானே முகத்தைச் சுளித்திருப்பேன். மொட்டின் நிழல் எங்கே விழுகிறது என்று அத்தனை நாள் பார்த்தவளுக்கு, இது மட்டும் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். உருட்டும்போதுதான் உறைத்தது: அவள் துணியைத்தான் வேண்டாம் என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அவள் கட்டப்போகும் புடவையின் அரக்கு நிறத்தில் பட்டு வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். கறுப்பில் அழகாக இருந்த சாம்பல் நிழல் அரக்கில் அழுக்காகத் தெரிந்தது. "கீழ இருக்கற கலர் மேல ஏறும். நிழல மாத்துங்கோ" என்றார் டீச்சர். சாம்பலுக்குப் பதில் சந்தன நிறமும் வாழைத்தண்டுப் பச்சையும் போட்டேன். கனகாம்பரம் அரக்குக்குள் மூழ்கியது. ஓரத்தில் மஞ்சளைக் கூட்டி மேலே கொண்டுவந்தேன். கார்கானாவில் பாதிநாள் லீவு கேட்டபோதெல்லாம் சேட்டு முனகினார். "பிராக்டிஸ் சேட்டு" என்றேன். பொய்யில்லை.

பூ வைக்கிற அன்று சயானில் ஒரு சின்ன ஹாலில் கூடினோம். மைனி வந்தாள். நான்தான் தலைத்துணியைக் கட்டிவிட்டேன். சரம் இடதுபக்கம் ஏறி வலது காதுக்குக் கீழே சாய்ந்து விழுந்தது.

சம்பந்தியம்மாள் தட்டோடு வந்தார். சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார். தட்டிலிருந்து மல்லிச் சரத்தை எடுத்துக்கொண்டு மைனிக்குப் பின்னால் போனார். எல்லார் கண்ணும் கூடவே போனது.

"பூ வச்சிருக்கிய போலுக்கே" என்றார்.

"எங்க நாத்தனா தச்சது" என்றாள் மைனி. குரல் உள்ளே போயிருந்தது.

அந்தம்மாள் குனிந்து தொட்டுப் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா இது உங்க வீட்டுப் பூல்லா? எங்க வீட்டுப் பூவ வைக்காண்டாமா?"

என் கணக்கு அங்கேயே படுத்துவிட்டது. மைனியின் தோள் இறுகுவதை நான் பார்த்தேன். சம்பந்தியம்மாளோ எதற்கும் நிற்கவில்லை. தன் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டார். சரத்தை இரண்டாக மடித்தார். அதை என் பூவின் மேலேயே வைத்து, துணியோடு சேர்த்துக் குத்தினார். என் மல்லி, கனகாம்பரம், பிளந்து பிளந்து ஏற்றிய இழைகள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஊக்கு அந்தப் பக்கம் வந்தது. "அங்க குத்தாதீங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"ம். இப்ப பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

மைனியே எழுந்து போய் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நான் தைத்ததை அன்று அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வழியில்லை, மேலே அவ்வளவு பூ.

பந்தியில் மைனி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கை பின்கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஊக்கு குத்துதா மைனி?"

"இல்லட்டி. பூவ நனைச்சுக் கொண்டாந்திருக்காவ. கழுத்துல ஈரம் படுது."

துடைத்துவிடட்டுமா என்று முந்தானையை எடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டியது கூட மெதுவாகத்தான், பூ விழுந்துவிடாமல். பாயசம் முடியும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.