நோரீன் வாயைத் திறந்த நாள்

பையன்களுக்குச் சாப்பாடு போடுவது வேறு, அவர்கள் ஆட்டத்தைப் பற்றி வெளியே பேசுவது வேறு என்று நோரீன் ஹாலிக் கறாராகப் பிரித்து வைத்திருந்தாள்.

ஹேரோ லேக் பேட்ஜர்ஸ் அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆட வருகிறவர்கள் மீசை சரியாக அரும்பாத வயதிலேயே வீட்டை விட்டு வருகிறவர்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நோரீன் வீட்டுக் கீழறையிலும் வருடக்கணக்காகப் பையன்கள் தங்கிப் போனார்கள். ஒருத்தன் இப்போது சாஸ்கட்டூனில் பல் வைத்தியன். ஒருத்தன் சுவீடனில் ஆடுகிறான். இன்னொருத்தன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்னையர் தினத்துக்கு மட்டும் போன் வந்துவிடும். வீட்டில் பார்த்தது வீட்டோடு என்று முதல் பையனைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே கிளப்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதை அவள் மீறியதில்லை.

மற்றபடி அவள் வாய்க்கு அந்த ஊரே பயப்படும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின் சீட்டில் சண்டை நடந்தால் தலையைத் திருப்பாமல் ஒரு குரல் கொடுப்பாள், பஸ்ஸே அடங்கிவிடும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஷெட்டில் விட்டு, இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க கரண்டில் மாட்டிவிட்டு, நேராக டோனட் கடைக்கு வருவாள். ஜன்னலோர மேஜையில் ஓரெஸ்ட்டும் டுவைட்டும் ஏற்கெனவே சண்டையைத் தொடங்கியிருப்பார்கள். ஓரெஸ்ட் கோதுமை நிலத்தை மருமகனிடம் விட்டுவிட்டு வந்தவர். டுவைட் டயர் கடைக்காரன். யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், யாருக்கு எவ்வளவு வருடம் காண்ட்ராக்ட் கொடுத்தது பைத்தியக்காரத்தனம் என்று அந்த மேஜையில் தீர்ப்பு ஆகாத அணியே இல்லை. அதில் நோரீனின் தீர்ப்புதான் ஈவு இரக்கமில்லாதது. "நல்லவனா கெட்டவனான்னு பாக்கறதுக்கு இது கல்யாணமா? விக்கறதை ஜனவரில வித்துடணும்," என்பாள். தன் வீட்டுப் பையன் பெயர் வந்தால் மட்டும் எழுந்து போய் இன்னொரு காப்பி வாங்கி வருவாள். அவள் வரிசையில் நின்று முடிப்பதற்குள் அவர்களும் பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்த வருடம் அவளுக்குக் காப்பி அதிகமாகிவிட்டது. காரணம் கோல்பி.

கோல்பி, ஃப்ளின் ஃப்ளான் ஊரிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன். பத்தொன்பது வயது. போன வருடம் அணி ஆடுகிற கோட்டத்திலேயே சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று விருது வாங்கினான். பெரிய லீக்கில் ஓர் அணி அவனைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. ஆனால் தேர்ந்தெடுப்பது வேறு, காண்ட்ராக்ட் கொடுப்பது வேறு. வருகிற ஜூனுக்குள் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவன் மறுபடியும் யாருமில்லாதவன்.

அவள் வீட்டுக்கு வந்த பையன்களில் அவளோடு சாப்பாட்டு மேஜையில் சரிக்குச் சரி வாதம் செய்தவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கீழே போய்விடுவார்கள். இவன் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்தி, "நீங்க சொல்ற மாதிரி நின்னா பின்னாடி வர்றவனை யார் பிடிப்பா?" என்று கேட்பான். அவள் கணவன் ஸ்டான் பொட்டாஷ் சுரங்க ஷிஃப்ட் முடிந்து வந்து, மேஜையில் சாப்பிடுகிற தட்டு எது, ஆட்டக்காரத் தட்டு எது என்று தெரியாமல் நிற்பான்.

டிசம்பர் முதல் கோல்பி கோலை நோக்கி அடிப்பதையே நிறுத்தியிருந்தான். பந்தயத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. நோரீனுக்குத் தெரியும். ஜாம் பாட்டிலை இடது முழங்கையில் இடுக்கிக்கொண்டு அவன் திறப்பதைப் பார்த்துவிட்டாள்.

"வலது மணிக்கட்டு," என்றான் அவன். "டிரெய்னருக்குத் தெரியும். கட்டுப் போட்டு ஆடிட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா என்னை யாரும் வாங்க மாட்டாங்க, நோரீம்மா."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்."

டிரேட் கெடு முடிகிற நாள் வந்தது. ஆட்டக்காரர்களை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றிக்கொள்ள அன்று பிற்பகலோடு சரி, அதற்கப்புறம் அந்த சீசனுக்குக் கதவு மூடிவிடும். காலையில் கோல்பி நின்றபடியே சீரியல் சாப்பிட்டான்.

"பைன்ரிட்ஜ் பேசிட்டிருக்காங்களாம். கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி."

பைன்ரிட்ஜ் இந்த வருடம் கோப்பைக்கு ஆடுகிற அணி. அங்கே போனால் மே மாதம் வரை ஆட்டம் உண்டு. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து பார்ப்பார்கள். பேட்ஜர்ஸுக்கோ மார்ச்சிலேயே கடையை மூட வேண்டியதுதான்.

"நல்லதுதானே," என்றாள் நோரீன். அவன் வைத்த கிண்ணத்தைக் கழுவினாள். கழுவினதையே இன்னொரு தரம் கழுவினாள்.

அன்று டோனட் கடை மேஜையில் ஒரு மைக் இருந்தது. உள்ளூர் ரேடியோவில் விளையாட்டுச் செய்தி சொல்கிற லேன், வருடா வருடம் இந்த ஒரு நாள் ரசிகர்கள் பேச்சை அங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்புவான். மேஜைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள்.

"கோல்பியை விக்கணுமா, வெச்சுக்கணுமா?" என்று லேன் ஆரம்பித்தான்.

நோரீன் எழப் பார்த்தாள். கடையில் கூட்டம். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் ஓரெஸ்ட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஓரெஸ்ட் முழங்கால் வலியோடு காலை நீட்டியிருந்தார்.

"விக்கணும்," என்றார் ஓரெஸ்ட். "அந்த விருதே தப்பு. ரெண்டாவதா வந்தவனுக்குப் போயிருக்கணும். நான் அப்பவே சொன்னேன்."

"நீர் எல்லாத்தையும் அப்பவேதான் சொல்வீர்," என்றான் டுவைட். "விருதை விடுங்க. பிரச்சினை அது இல்ல. விருது வாங்கினதிலேர்ந்து பையன் தன்னைக் கண்ணாடி அலமாரில வெச்சுப் பூட்டிட்டான். ஒருத்தன் மேல இடிக்க மாட்டேங்கறான், ஒரு ஷாட் அடிக்க மாட்டேங்கறான். பெரிய லீக் காண்ட்ராக்ட் வர்ற வரைக்கும் உடம்புல கீறல் படக் கூடாதாம். நாம டிக்கெட் வாங்கிக் குளிர்ல போய் உக்காந்து, அவரு உடம்பைப் பத்திரமா வெச்சுக்கறதைப் பாக்கணும்."

"பயப்படறான்னு சொல்றீங்களா?" என்று லேன் எடுத்துக் கொடுத்தான்.

"பயந்தாங்கொள்ளிதான். வேற என்ன?"

நோரீன் தன் கோப்பைக்குள் பார்த்தாள். காலி. "உன் வாயில டயரை வெச்சு அடைக்க," என்றாள்.

"வந்துட்டாங்கய்யா வக்கீல்," என்று டுவைட் சிரித்தான். "சும்மா சொல்லு நோரீன், சோறு போடறவளுக்குத் தெரியாததா? வீட்லயாவது தட்டைத் தூக்கறானா, இல்ல அதுக்கும் காண்ட்ராக்ட் கேக்கறானா?"

"வலது மணிக்கட்டு வீங்கிப் போயி ஜாம் பாட்டில் திறக்க முடியாதவன், ஆறு வாரமா ஒரு ஆட்டம் விடாம ஆடறான்டா. நீ ஒரு டயர் மாட்டிக் காட்டு பாக்கலாம் அந்தக் கையோட."

எதிரி அந்த இடம் பார்த்து அடித்துவிடக் கூடாது என்பதற்காக, பல் உடைந்தாலும் விரல் முறிந்தாலும் 'மேல் உடம்பில் காயம்' என்பதற்கு மேல் இந்த ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. ஓரெஸ்ட் காலை மடக்கிக்கொண்டார்.

"நோரீன்," என்றான் டுவைட். இதுவரை அவனிடம் அவள் கேட்டிராத மெதுவான குரல். "மைக் ஓடுது."

லேன் அவசரமாக விளம்பரத்துக்குப் போனான். சிவந்த முகத்தோடு, அதை இனிமேல் வெட்ட முடியாது என்பதுபோல் கையை விரித்தான்.

வீட்டுக்குப் போனாள். கோட்டைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். கிளப் ஆபீசிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். அங்கிருந்த பெண் கத்தவில்லை. "இப்போதைக்கு உங்க வீட்டுக்கு அடுத்த பையன் யாரும் வேண்டாம்னு மேனேஜர் சொல்றார், நோரீன்," என்று மட்டும் சொன்னாள். பைன்ரிட்ஜ் என்ன ஆயிற்று என்று கேட்காமலே நோரீன் போனை வைத்தாள்.

வாசலில் பனியை அள்ளப் போனாள். காற்றில் இமை ஒட்டிக்கொண்டது. பாதி அள்ளி மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். டுவைட்டைத் திட்டினாள். அந்தத் திட்டு வெகுநேரம் ஓடவில்லை. எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் அவள் பையன்களைத் திட்டியிருக்கிறார்கள். கழுதை என்றிருக்கிறார்கள், கிழவி மாதிரி ஓடுகிறான் என்றிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வாய் மூடித்தானே இருந்தது? இன்றைக்கு மட்டும் ஏன் திறந்தது? பையன் மானத்துக்காகச் சொன்னாளா, பையன் போகக் கூடாது என்று சொன்னாளா? அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தக் கேள்வி முன்னால் போய் நின்றது.

சாயங்கால பஸ்ஸை எடுத்தபோது கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. பின்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் போனில்தான் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். வழக்கத்துக்கு மாறான அமைதி. எல்லோர் வீட்டிலும் ரேடியோ இருக்கிறது. தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் பின் சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"கோல்பி போயாச்சு."

நோரீன் கண்ணாடியில் பார்த்தாள். "எங்க?"

தலைகள் மறுபடி போனுக்குள் கவிழ்ந்தன.

"எங்கன்னு கேட்டேன்."

"ஃபோர்ட் எல்ஸ்வர்த்."

லீக்கிலேயே கடைசி அணி. வடக்கே ஒரு முழு இரவு ஓட்ட வேண்டிய தூரம். பைன்ரிட்ஜ் பின்வாங்கியிருக்கிறது. விற்கத் துணிந்துவிட்ட மேனேஜர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய சின்னப் பையன், "நோரீன், எங்க வீடு போயிடுச்சு," என்று எழுந்து நின்ற பிறகுதான் அவள் பிரேக்கை மிதித்தாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. கோல்பி கீழறையில் துணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். நோரீன் படியில் பாதியிலேயே நின்றாள்.

"ரேடியோல சொன்னது நான்தான்."

"தெரியும். டிரெஸ்ஸிங் ரூம்ல ஓடிட்டிருந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க." அவன் நிமிரவில்லை. "ஏன் சொன்னீங்க?"

"டுவைட் உன்னைப் பயந்தாங்கொள்ளின்னான்."

"அவர் தினமும் சொல்றார். அவர் சொன்னா டயர்க்காரர் சொல்றார்னு விட்டுடுவாங்க. நீங்க சொன்னா விடுவாங்களா? நான் இருக்கற வீடு இது."

அவளிடம் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள். "நீ போகக் கூடாதுன்னு மனசுல இருந்துச்சு. அதனாலயும் இருக்கலாம். எனக்கே சரியாத் தெரியல, கோல்பி."

ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இடது கையால் இழுத்தான், வரவில்லை. அவள் கிட்டே போகவில்லை.

"இப்பவும் போயிட்டுத்தானே இருக்கேன்," என்றான் அவன்.

ஸ்டான் வந்து, ஒன்றும் கேட்காமல் பைகளைத் தூக்கி கோல்பியின் வண்டியில் வைத்தான். நோரீன் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளை டப்பாவில் போட்டு நீட்டினாள். வழியில் சூடு பண்ண முடியாது என்றான் கோல்பி. பிறகு வாங்கிக்கொண்டான். கட்டிப்பிடிக்கவில்லை. மற்ற பையன்கள் போகும்போது கட்டிப்பிடித்திருக்கிறார்கள். வண்டி கிளம்புவதற்கு முன் கண்ணாடியை இறக்கி, "காண்ட்ராக்ட் வந்தா சொல்றேன்," என்றான். வராவிட்டால் என்ன செய்வான் என்று சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஃபோர்ட் எல்ஸ்வர்த்தில் அவனை வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறவள். பெயர் ஆக்னஸ். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பையன் போனால் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதுதான் முறை.

"என்ன சாப்பிடுவான்?" என்றாள் ஆக்னஸ்.

"மீன் தவிர எதுவும். காலைல எழுப்பினா எழுந்த மாதிரி பேசுவான், நம்பாதே. மறுபடி தூங்கிடுவான்."

"சரி. நான் உள்ளதைச் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதே. எங்க மேனேஜருக்கு மூளை குழம்பிப்போச்சு. அடுத்த வருஷம் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கறப்போ ரெண்டாவது சுத்துல கிடைக்கிற வாய்ப்பைக் கொடுத்து இவனை வாங்கியிருக்கார். டிசம்பர்லேர்ந்து ஒரு கோல் இல்ல. விருது வாங்கினதும் ஆடிப்போன பசங்களை நான் எத்தனை பாத்திருக்கேன்."

நோரீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஸ்டான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"அந்த மணிக்கட்டு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு," என்றாள் ஆக்னஸ். "ரேடியோல யாரோ வீங்கியிருக்குன்னாங்களாமே. நாளைக்கு எங்க மேஜைல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

"உங்க ஊர்லயும் மேஜை இருக்கா?"

"இல்லாம? அந்த மேஜைல நான்தான் பேச்சு."

நோரீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை எப்படி இருக்கிறது, எவ்வளவு வலியோடு ஆடினான், எந்தப் பக்கமாகத் திருப்பினால் முகம் சுளிப்பான் எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்தப் பெண்ணை இரண்டே வரியில் வாயடைத்துவிடலாம். ஜூன் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

"அவன் விடியறதுக்குள்ள வந்துடுவான்," என்றாள். "கேக்கணும்னா அவன்கிட்டயே கேளு. சொன்னா தெரிஞ்சுக்கோ. அதை மேஜைக்குக் கொண்டு போகாதே."

"அடேயப்பா. ரொம்ப அழுத்தக்காரியா இருப்பே போல."

"வந்து இறங்கினதும் ஏதாவது சூடாக் கொடு," என்றாள் நோரீன். "டப்பால பெரோகி வெச்சிருக்கான். வெங்காயத்தை வெண்ணெய்ல நல்லா வதக்கிப் போடு."