கடையில் ஓடும், வீட்டில் நின்றுவிடும்

1. நோயில்லாத நோயாளி

"அண்ணே, இந்தத் தடவ இதத் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன். புதுசா ஒண்ணு காட்டுங்க."

கடை ஷட்டரை முழுசாகத் தூக்கி முடிக்கவில்லை, பரமேஸ்வரி உள்ளே வந்துவிட்டார். பின்னால் அவருடைய கணவர் முனியாண்டி. உரப்பைக்குள் வைத்துக் கட்டிய சிபியூவைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் கடை இருக்கிற கினிகத்தேனை வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கீழே வைத்தால் அதிருமாம்.

நான் ரஹீம் நானாவின் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். எந்த வகுப்பிலும் படித்ததில்லை. ரேடியோவைத் திறந்தேன், டீவியைத் திறந்தேன், பிறகு இதையும் திறந்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு யூடியூப் இருக்கிறது, எங்களுக்குக் கெட்டுப்போன பெட்டிகள்தான் வாத்தியார். அந்தப் பெட்டிகளிலே என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் பரமேஸ்வரியின் பெட்டிதான்.

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்றுவிடும். கடைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே இருக்காது. ராமைக் கழற்றி, கால்களை அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். புரொசஸருக்குப் புதுப் பேஸ்ட் வைத்தேன். பவர் சப்ளையை மீட்டர் வைத்துப் பார்த்தேன். காலையில் போட்டால் கடை மூடும் வரை சிரித்துக்கொண்டு ஓடும். வீட்டுக்குப் போனதும் மறுபடி மயக்கம். "ஆஸ்பத்திரிக்கு வந்தா காய்ச்சல் எறங்கிரும், வீட்டுக்குப் போனா ஏறிரும். எங்க மாமியாருக்கும் இப்பிடித்தான்" என்று போன தடவை பரமேஸ்வரி சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இன்றைக்கு இல்லை.

அவர் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. அதன்பிறகு தானாகவே டைப்பிங் பழகி, லயத்து வரிசை வீட்டிலேயே தொழிலாகச் செய்கிறார். சடங்கு அழைப்பிதழ், மரண அறிவித்தல், பிறப்புச் சான்றிதழுக்கு எழுதுகிற கடிதம், தமிழோ சிங்களமோ, அந்தச் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் அவர்தான். ஏற முடியாத காலுக்கு அந்த டைப்பிங் மேசைதான் மலை.

"மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் கையில இருக்குண்ணே. இன்னொரு தடவ நின்னுச்சுன்னா டவுனுக்கே குடுத்துர்றோம்னு கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க. ஒருக்கா டவுனுக்குப் போன வேல திரும்பி லயத்துக்கு வருமா?"

சொல்லிக்கொண்டே கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்தார். "பக்கத்து அடகுக் கடையில இத வச்சிட்டு வர்றேன். நீங்க மிஷின எடுத்து வைங்க."

முனியாண்டி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2. ஆடு வளர்க்கிறீங்களா?

விற்கிற கடையில் நின்றுகொண்டு விற்காமல் இருப்பது கஷ்டம். அந்த நேரம் எங்களுக்கு நல்ல வியாபாரம். பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது என்று திரையில் எழுத்து வந்ததைக் கண்டு, அன்றைக்கே பெட்டி வெடித்துவிடும் என்று பயந்து சனம் புதுசு வாங்க வந்துகொண்டிருந்தது.

ஆனால் புதுசும் அதே வீட்டுக்குத்தானே போகப்போகிறது? இந்தக் கேள்விதான் என் கையைப் பிடித்தது. கெட்டது பெட்டி என்றால் இங்கேயும் நிற்க வேண்டும். இங்கே ஓடுகிறது என்றால், கெட்டது பெட்டிக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

பரமேஸ்வரியைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்க மூடியைக் கழற்றினேன். ஃபேனில் தூசி. தூசி இல்லாத பெட்டி ஏது? ஆனால் நுள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அது தூசி மாதிரி இல்லை. கறுப்பாக, சுருள் சுருளாக, மயிர்.

"தங்கச்சி, வீட்டுல ஆடு வளக்கிறீங்களா?"

"ஆடா? எங்க லயத்துக் காம்பராவுல மனுசனுக்கே எடமில்ல. நீங்க வேற!"

பின்னாலிருந்து ரஹீம் நானாவின் குரல் வந்தது. "என்ன சிவா, மனிசி யாவாரத்துக்கு வந்தீக்கா, நீங்க ஆட்டுக்கத கேட்டுக்கிட்டு ஈக்கிறீங்க?"

நான் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நானா, இந்தப் பெட்டி இங்க நிக்கிறதில்ல. புதுசு குடுத்து அதுவும் அங்க போய் நின்னா, அந்தக் கொடி போனது போனதுதான்" என்றேன்.

நானா பரமேஸ்வரியின் கையைப் பார்த்தார். கொடியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார் அவர். வியாபாரிதான் ரஹீம் நானா, ஆனாலும் நாலு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மனிதர்.

"தங்கச்சி, அதக் கழுத்துலயே போட்டுக்கோங்க. இன்னக்கி இவர் ஒங்க வீட்டுக்கு வருவார். பார்த்துப்போட்டும் சரிவரல்லாட்டி நாளைக்கி நானே புதுசு எடுத்து வைக்கிறன்." பிறகு என்னிடம், "மீட்டர எடுத்துக்கோங்க. கரண்டாத்தான் ஈக்கும்" என்றார்.

நானும் கரண்ட் என்றுதான் நினைத்தேன். கீழே பொல்பிட்டிய மின் நிலையத்தில் தண்ணீர் விழுந்து கரண்ட் பிறக்கிறது, அது மலை ஏறி லயத்துக்கு வந்துசேருவதற்குள் களைத்துப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கேலி உண்டு.

3. பனி இறங்கும் நேரம்

பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே படி படியாக ஏறினோம். பரமேஸ்வரி வலிக்கிற காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். முனியாண்டி பெட்டியோடு முன்னால் போனார்.

நீளமான லயத்தில் அவர்களுடையது கடைசி வீடு. ஒரே அறையான சின்னக் காம்பரா. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில், ஜன்னலோரம் மேசை. மேசையில் மொனிட்டரும் பிரிண்டரும், அவற்றுக்குப் பக்கத்தில் சிபியூ. பிளக்கில் மீட்டரை வைத்தேன். வோல்டேஜ் கொஞ்சம் குறைவு, மோசமில்லை. பெட்டியைப் போட்டோம். ஓடியது. பிளேன்டீ வந்தது. பெட்டி ஓடியது. பரமேஸ்வரி நோட்டீஸில் இரண்டு வரி அடித்தார். அப்போதும் ஓடியது.

"பாத்தீங்களா, ஆள் வந்தா ஒழுங்கா நிக்கும். திருட்டுப் பெட்டி" என்றார்.

பொழுது சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர் மலை காணாமல் போனது. வெள்ளையாகப் பனி இறங்கிக் கதவு வழியாக உள்ளே வந்தது.

முனியாண்டி கட்டிலிலிருந்து எழுந்தார். துணிக்கொடியில் கிடந்த கறுப்புக் கம்பளியை எடுத்து உதறினார். நான் அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். அவர் நேரே மேசைக்குப் போய், சிபியூவின் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, பின்பக்கத்தில் இடைவெளி இல்லாமல் சொருகி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பரமேஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருந்தார்.

என்ன ஆகிறது பார்ப்போம் என்று நானும் விட்டுவிட்டேன். கம்பளிக்குள்ளே ஃபேன் முதலில் முனகியது, பிறகு இரைந்தது. கொஞ்ச நேரம். டப்.

"இந்தா! இதத்தாண்ணே சொன்னேன்!" பரமேஸ்வரி கையை உதறினார்.

நான் முனியாண்டியைப் பார்த்தேன். "அண்ணே, இந்தக் கம்பளிய எப்பவும் போத்துவீங்களா?"

"பனி எறங்குதுல்ல. சளி பிடிச்சா மனுசனுக்கு மருந்து குடுக்கலாம், அதுக்கு என்னத்தக் குடுக்க?"

"கடைக்குக் கொண்டு வர்றப்ப சொல்லவே இல்லியே?"

"கடைக்குக் கம்பளியோடவா கொண்டு வர்றது? மரியாதையா இருக்குமா?"

"நல்லா கேளுங்கண்ணே" என்றார் பரமேஸ்வரி. "கட்டுன நாளையிலருந்து எனக்கு ஒரு நாள் இப்பிடிப் போத்துனது கெடையாது. அதுக்கு மட்டும் பொழுது சாஞ்சா தாலாட்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. இந்த ஒரு கம்பளிக்காகத்தான் காலையில் அந்தக் கொடி கழுத்தை விட்டு இறங்கப் பார்த்தது.

4. தகரம் வேர்க்கிற வீடு

விஷயம் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து கம்பளியை உருவி முனியாண்டியின் கையில் கொடுத்தேன். "அண்ணே, இது மூச்சு விடுற சாமான். சூட்ட வெளிய தள்ளணும். குளிர் அதுக்கு நல்லதுதான். இனிமே போத்தக் கூடாது" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, சில்லென்று என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். இன்னொன்று, நேராக சிபியூவின் தலையில்.

கூரைத் தகரம் வேர்த்திருந்தது. உள்ளே அடுப்புச் சூடு, வெளியே பனி. தகரத்தின் அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஒவ்வொன்றாகக் கனத்துக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

முனியாண்டி கம்பளியைப் பிடித்துக்கொண்டு, குத்தலே இல்லாமல் கேட்டார். "இப்ப என்னங்க செய்யலாம்?"

மேசையை நகர்த்தலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கம் அடுப்புப் புகை. இந்தப் பக்கம் கட்டில். எங்கே வைத்தாலும் மேலே அதே தகரம். போர்த்தினால் சூடு கொல்லும், போர்த்தாவிட்டால் தண்ணீர் கொல்லும். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, அதுதான். நான் அத்தனை தடவை கடையில் பெட்டியைத் திறந்து மூடியபோதெல்லாம் அதைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தது இந்த மனிதர்தான். கம்பளி இல்லாமல் இருந்திருந்தால் அது எப்போதோ செத்திருக்கும்.

"பொலித்தீன் போட்டா?" என்றார் பரமேஸ்வரி.

"அதுவும் மூச்சடைக்கும் தங்கச்சி. ஒட்டாம இருக்கணும். மேல மறைக்கணும், பக்கமெல்லாம் தெறந்திருக்கணும்."

முனியாண்டி கொஞ்ச நேரம் தகரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம கொழுந்து மடுவம் மாதிரியா?" என்றார்.

கொழுந்து நிறுக்கிற இடத்தைத்தான் அங்கே மடுவம் என்பார்கள். நாலு கால், மேலே சரிவாகக் கூரை, சுவர் கிடையாது. மழை உள்ளே வராது, காற்று தாராளமாக வரும். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அதேதாண்ணே!"

5. கூரைக்குள் ஒரு கூரை

மறுநாள் கடையில் விஷயத்தைச் சொன்னதும் ரஹீம் நானா விழுந்து விழுந்து சிரித்தார். "இனி நாங்க கம்ப்யூட்டரோட கூரைத் தகரமும் விக்கணுமா சிவா?" சிரித்து முடித்ததும், பழைய ஸ்டொக்கில் கிடந்த ராம் ஒன்றையும் ஒரு நல்ல ஃபேனையும் அவரே தேடி எடுத்து வைத்தார்.

பெட்டியை இரவே கையோடு கடைக்குக் கொண்டுவந்திருந்தேன். நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஃபேனை மாற்றினேன், ராம் கூட்டினேன், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி போட்டேன். பரமேஸ்வரியுடைய பழைய ஃபொன்ட், அழைப்பிதழ் மாதிரிகள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் இருந்தபடியே வந்துவிட்டன. புது மிஷினில் அந்தப் பிரிண்டர் வேலை செய்யாது, அதையும் சேர்த்து வாங்க வேண்டி வந்திருக்கும். அப்டேட் பயத்துக்கும் ஒரு வழி சொன்னேன். "இதுல இன்டர்நெட் போடாதீங்க தங்கச்சி, டைப்பிங்குக்கு மட்டும் வச்சிருங்க. வெளிப் பென் டிரைவ் வந்தா முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. புதுசு வாங்குற காலம் வரும், அப்ப நானே சொல்றேன்."

நான் பெட்டியோடு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முனியாண்டியின் மடுவம் தயாராக இருந்தது. நாலு மரக்கால், மேலே சரிவாக ஒரு தகரத் துண்டு. விழுகிற தண்ணீர் மேசையில் வடியாமல் வெளியே போக ஓரத்தில் மூங்கிலைப் பிளந்து பீலி கூட வைத்திருந்தார்.

அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டது. பனி உள்ளே வந்தது. தகரம் வேர்த்தது. சின்னக் கூரையில் டொக், டொக் என்று சொட்டு விழும் சத்தம். முனியாண்டி கட்டிலில் இருப்பார், எழும்புவார், பெட்டிப் பக்கம் போய்க் கையை நீட்டுவார், பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"சும்மா இருங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் பரமேஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாற்குடம், தேர்ப்பவனி, உபயகாரர் பெயர்கள். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனார். வழக்கமாக நிற்கிற நேரம் வந்தது, கடந்தும் போனது. ஃபேன் சத்தம் ஏறவில்லை. கடைசியில் பிரிண்டர் உறுமி முதல் நோட்டீஸைத் தள்ளியது. சூடு ஆறாத காகிதத்தை எடுத்து எழுத்துப் பிழை பார்த்தார்.

பிறகு கீபோர்டுக்கு அடியில் கையை விட்டு, காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்தார். புது மஞ்சள் கயிறு. கொடி அடகுக்குப் போனால் தாலியைக் கோர்த்துக்கொள்ள என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்திருக்கிறார். முனியாண்டிக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப வாங்குன இத?" என்றார்.

"அத விடுங்க. நாளைக்கிக் கோயிலுக்குப் போறப்ப அம்மன் கையில கட்டிருங்க" என்று கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு, பிரிண்டரில் அடுத்த காகிதத்தை வைத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்குப் போர்வை போர்த்தியதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? புதுசு வாங்கச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள், கொடுக்கிற பிளேன்டீயைக் குடியுங்கள், பனி இறங்கும் வரைக்கும் எழும்பாதீர்கள்.